பர்ட்டனும் ஸ்பீக்கும்: நட்பை முறித்தது மூன்றாம் ஆளா?

கேள்வி: வைகைக்கரை வாசகன், செல்லூர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் மின்தடை என்பதால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நண்பர் வீட்டு மாடிக்குப் போய், 1990இல் பாப் ராஃபெல்சன் இயக்கிய ‘மவுண்டன்ஸ் ஆஃப் தி மூன்’ படத்தை இருவரும் பார்த்தோம். நைல் நதி எங்கே பிறக்கிறது என்று தேடி 1857இல் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து உள்நாட்டுக்குள் நடந்துபோன ரிச்சர்ட் பர்ட்டன், ஜான் ஹானிங் ஸ்பீக் ஆகிய இரண்டு கம்பெனிப் படை அதிகாரிகளின் கதை அது. பர்ட்டனாகப் பாட்ரிக் பெர்கினும், ஸ்பீக்காக இயான் கிளெனும் நடித்திருக்கிறார்கள். ரோஜர் டீகின்ஸின் ஒளிப்பதிவில் அந்தப் புல்வெளிகளையும் சுமைதூக்கிகளின் நீண்ட வரிசையையும் பார்த்தபோது, சின்னத் திரையில் பார்க்கிறோமே என்ற வருத்தம்தான் மிஞ்சியது.

என் ஐயம் கதையைப் பற்றியது. காய்ச்சலிலும் புண்களிலும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு ஒரே கூடாரத்தில் கிடந்த இருவரும் லண்டனுக்குத் திரும்பியதும் பகைவர்களாகிறார்கள். லாரன்ஸ் ஆலிஃபன்ட் என்ற எழுத்தாளர் இடையில் புகுந்து, ஸ்பீக்கின் காதில் பொய்களை ஓதியதுதான் காரணம் என்று படம் சொல்கிறது. ‘கோள் சொல்லிக் குடி கெடுத்தவன்’ என்று என் நண்பர் ஆலிஃபன்ட்டின் மேல் முழுப் பழியையும் போடுகிறார். இரண்டு ஆண்டுகள் சாவின் விளிம்பில் சேர்ந்து நடந்தவர்களை ஒரு கப்பல் பயணத்தின் அரட்டை பிரித்துவிடும் என்றால், அங்கே பிரிவதற்கு ஏற்கெனவே ஏதோ இருந்திருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். பேச்சு முற்றிப்போய், அவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நட்பைப் பற்றிய படத்தைப் பார்த்ததற்கு இது நல்ல பலன்.

உண்மையில் நடந்தது என்ன? ஸ்பீக்கின் மரணம் விபத்தா, தற்கொலையா என்பதையும் படம் பூடகமாகவே விட்டுவிடுகிறது. அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பழைய வாத்தியார், திருமங்கலம்

ஐயா, பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நண்பரைவிட நீங்கள் உண்மைக்கு அருகில் இருக்கிறீர்கள். லண்டனில் உடைந்தது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த பானை.

விரிசலின் தொடக்கத்தைச் சோமாலிக் கரையில் தேட வேண்டும். நைலைத் தேடும் முன்பே இருவரும் சேர்ந்து போன பயணம் அது. 1855 ஏப்ரலில், பெர்பெராவுக்கு அருகே இரவில் அவர்களுடைய பாசறை தாக்கப்பட்டது. ஸ்ட்ரோயன் என்ற அதிகாரி கொல்லப்பட்டார்; பர்ட்டனின் ஒரு கன்னத்தில் பாய்ந்த ஈட்டி மறு கன்னத்தின் வழியே வெளியே வந்தது; பிடிபட்டுக் கைகள் கட்டப்பட்ட நிலையில் பதினொரு காயங்கள் பட்ட ஸ்பீக், எப்படியோ தப்பி ஓடிக் கடற்கரையை அடைந்தார். அந்தச் சண்டையின் நடுவே, நிலைமையைப் பார்க்க ஸ்பீக் ஓரடி பின்வாங்கியபோது, ‘பின்னால் வராதே, நாம் ஓடுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்’ என்ற பொருளில் பர்ட்டன் அதட்டினார். பர்ட்டனுக்கு அது போர்க்களத்தில் வாய்தவறி வந்த ஒரு கட்டளை; ஸ்பீக்குக்கோ, தன்னைக் கோழை என்று சொன்னதாகப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து 1864இல் வெளியிட்ட நூலிலும் அதை மறக்காமல் எழுதியிருக்கிறார் என்றால் அந்தச் சொல் எவ்வளவு ஆழமாகத் தைத்திருக்கும் என்று பாருங்கள். ஈட்டிக் காயம் ஆறியது. நாவினால் சுட்டது ஆறவில்லை.

அடுத்தது நாட்குறிப்பு. அந்தப் பயணத்தில் ஸ்பீக் தனியாகப் போய்வந்த பகுதியைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகளைப் பர்ட்டன் தம் சொற்களில் மாற்றி, 1856இல் வந்த தம்முடைய நூலின் பிற்சேர்க்கையாக வெளியிட்டார். அதில் ஸ்பீக்குக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அவர் திரட்டிய விலங்கு, பறவை மாதிரிகளும் கல்கத்தாவுக்குப் போய்விட்டன. இன்னொருவரின் உழைப்பைத் தன் நூலுக்கு வாலாக ஒட்டிவைத்தால் யாருக்குத்தான் மனம் கசக்காது? பர்ட்டனுக்கு அது குற்றம் என்றே தோன்றவில்லை என்பதில்தான் அவருடைய குணம் தெரிகிறது. இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள் அறிந்தவர், 1853இல் மாறுவேடத்தில் மெக்காவுக்குப் போய்வந்தவர். தம்மோடு வருபவர் தமக்கு ஓர் உதவியாளர் என்ற நினைப்பு அவரை விட்டுப் போகவில்லை. (நம்மூரையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1847இல் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்துக்கொண்டு ஊட்டிக்கு வந்து தங்கி, அந்த ஊரின் வெள்ளைக்காரச் சமூகத்தைக் கிண்டல் செய்து பிற்பாடு ஒரு நூலும் எழுதினார்.)

இத்தனைக்கும் பிறகு 1857இல் இருவரும் மறுபடியும் ஏன் சேர்ந்து போனார்கள் என்று கேட்பீர்கள். தேவைதான் காரணம். பர்ட்டனுக்கு நில அளவையும் துப்பாக்கியும் தெரிந்த, களைப்பறியாத ஓர் ஆள் வேண்டும். ஸ்பீக்குக்கு ஆப்பிரிக்காவுக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும். ஜூன் இறுதியில் கரையை விட்டவர்கள் 1858 பிப்ரவரி 13 அன்று தாங்கனிக்கா ஏரியைப் பார்த்தபோது ஏழரை மாதம் ஆகியிருந்தது. அதற்குள் பர்ட்டனுக்குக் கால்கள் செயலற்றுத் தூளியில் தூக்கிவரப்பட்டார். ஸ்பீக்குக்குக் கண்நோயால் பார்வை மங்கி, எதைத் தேடி வந்தாரோ அந்த ஏரியே தெளிவாகத் தெரியவில்லை. காதில் வண்டு புகுந்து, அதைக் கத்தியால் குடைந்து, செவி கெட்டுப்போனதும் படத்துக்காகச் சேர்த்த காட்சி அல்ல, நடந்ததுதான். முடவனும் குருடனும் என்று நாம் சிறுவயதில் கேட்ட கதை இங்கே ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தது. அந்தக் கதையில் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாகித் தப்பிப்பார்கள். இவர்களும் தப்பினார்கள், ஆனால் யார் யாரைச் சுமந்தது என்ற கணக்கு தீரவில்லை.

திரும்பும் வழியில், இன்று தபோரா என்று சொல்லும் காஸே ஊரில் பர்ட்டன் அரபு வணிகர்களோடு தங்கிவிட, ஸ்பீக் வடக்கே போய் 1858 ஆகஸ்ட் 3 அன்று நியான்ஸா ஏரியைப் பார்த்தார். அதற்கு விக்டோரியா என்று பெயரிட்டு, நைலின் மூலம் இதுவே என்று முடிவும் செய்துவிட்டார். பார்த்தது தென்கரையின் ஒரு மூலையை மட்டும். பர்ட்டன் சான்று கேட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று இருவரும் விலகிக்கொண்டு, அதைப் பற்றிப் பேசாமலேயே கரைவரை வந்து சேர்ந்தார்கள். உங்கள் நண்பர் இரண்டு நாள் பேசாமலிருந்தது இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

இப்போது ஆலிஃபன்ட். ஏடனில் பர்ட்டன் நோயுற்றுத் தங்க, சீனத்திலிருந்து எல்கின் பிரபுவோடு திரும்பிக்கொண்டிருந்த ஆலிஃபன்ட் வந்த கப்பலில் ஸ்பீக் ஏறினார். 1859 மே 8 அன்று இங்கிலாந்தை அடைந்தார். உடனே ராயல் புவியியல் சங்கத்தின் தலைவர் மர்ச்சிசனைப் பார்த்தார். பர்ட்டன் வந்தது மே 21 அன்று. அதற்குள் அடுத்த பயணம் ஸ்பீக்குக்கு என்று முடிவாகிவிட்டது. பர்ட்டனுக்குத் தங்கப் பதக்கம் மட்டும் கிடைத்தது. ‘நான் வரும்வரை சங்கத்துக்குப் போக மாட்டேன் என்று ஸ்பீக் வாக்குக் கொடுத்தார்’ என்பதும், ‘ஆலிஃபன்ட்தான் தூண்டிவிட்டார்’ என்பதும் பர்ட்டன், இசபெல் தம்பதியின் பக்கத்திலிருந்து வரும் செய்திகள். வழக்கில் வாதியின் சாட்சியம் மட்டும்தான் நம்மிடம் இருக்கிறது. வில்லியம் ஹாரிசனின் நாவலை ஒட்டி எழுதப்பட்ட திரைக்கதை அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டது.

பணத்தையும் படம் கிட்டத்தட்ட மறந்துவிட்டது. அரசு கொடுத்த 1,000 பவுண்டு போதாமல் இருவரும் கைப்பணம் போட்டார்கள். ஸ்பீக் தமக்கு 600 பவுண்டு தர வேண்டும் என்று பர்ட்டன் கடிதம் மேல் கடிதம் எழுதினார். சுமைதூக்கிகளில் சிலருக்கு, அவர்கள் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை என்று பர்ட்டன் கூலி மறுத்ததும், சான்சிபாரிலிருந்த பிரிட்டிஷ் தூதர் ரிக்பி அதைப் பம்பாய் அரசுக்குப் புகாராக எழுதியதும், ஸ்பீக் ரிக்பியின் பக்கம் நின்றதும் பெரிய விவகாரமாயின. பாகப் பிரிவினைப் பத்திரம் எழுதிய அண்ணன் தம்பிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மரணத்தைப் பற்றி: 1864 செப்டம்பர் 16 அன்று பாத் நகரில், பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் இருவரும் நேருக்கு நேர் வாதிட வேண்டும். முந்தைய நாள் பிற்பகல், கவுதாரி வேட்டைக்குப் போன ஸ்பீக் ஒரு தாழ்ந்த கல்சுவரைக் கடக்கும்போது துப்பாக்கி வெடித்து நெஞ்சின் இடப்பக்கத்தில் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 37. விபத்து என்று விசாரணையில் முடிவு சொன்னார்கள். விரலை விசையில் வைத்துத் தன் அக்குளின் கீழே சுட்டுக்கொள்வது எளிதல்ல என்பதால் நானும் விபத்து என்றே கருதுகிறேன். ஆயினும் குழந்தைப் பருவத்திலிருந்து துப்பாக்கியோடு பழகிய ஒருவருக்கு, அன்று பார்த்து, அந்தக் கவனக்குறைவு ஏன் வந்தது என்ற கேள்வியை மறுக்க முடியவில்லை. அன்று காலை அதே மண்டபத்தில் பர்ட்டனை அவர் ஐந்தாண்டுகளுக்குப் பிறகு பார்த்திருந்தார்.

பதில் 2: பழைய தியேட்டர் ரசிகன், ஆரப்பாளையம்

வாத்தியார் ஐயா சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இயக்குநரை இப்படிக் குற்றக்கூண்டில் ஏற்ற வேண்டாம். கடன் கடிதங்களையும் கூலித் தகராறையும் காட்டியிருந்தால் படம் நான்கு மணி நேரம் ஓடியிருக்கும். இரண்டேகால் மணி நேரத்தில் கதை சொல்ல, பல ஆண்டுகளாக ஊறிய கசப்புக்கு ஓர் உருவம் தேவைப்படுகிறது. அந்த உருவம்தான் ரிச்சர்ட் கிராண்ட் நடித்த ஆலிஃபன்ட். லிவிங்ஸ்டனும் பர்ட்டனும் தங்கள் தழும்புகளை ஒருவருக்கொருவர் காட்டிப் போட்டி போடும் அந்த ஒரு காட்சிக்காகவே நான் இந்தப் படத்தை மூன்று முறை பார்த்தேன்.

பதில் 3: நூலக வாசகி, சிம்மக்கல்

பெரியவர் எழுதியதைப் படித்ததும் ஒன்று உறுத்தியது. நீங்கள் எல்லோரும் இரண்டு வெள்ளைக்காரர்களின் நட்பைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பயணத்தில் நீடித்த ஒரு நட்பு இருந்ததென்றால், அது ஸ்பீக்குக்கும் சிதி முபாரக் பாம்பேக்கும் இடையே இருந்ததுதான். படத்தில் அவர் இருக்கிறார், ஆனால் ஓரத்தில்.

பாம்பே என்பது அவர் பெற்றோர் இட்ட பெயரல்ல. இன்றைய தான்சானியா, மொசாம்பிக் எல்லைப் பகுதியைச் சேர்ந்த யாவோ இனத்தில் பிறந்த அவரைச் சிறுவனாக இருந்தபோதே பிடித்து அடிமையாக விற்றார்கள். குஜராத்தி வணிகர் ஒருவர் வாங்கி மேற்கு இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். எஜமானர் இறந்தபின் விடுதலை பெற்று, சான்சிபாருக்குத் திரும்பிச் சுல்தானின் படையில் சேர்ந்திருந்தபோதுதான், 1857இன் தொடக்கத்தில் பர்ட்டனும் ஸ்பீக்கும் அவரைக் கண்டார்கள். ஸ்பீக்குக்கு அரபும் தெரியாது, சுவாஹிலியும் தெரியாது. இந்தியாவில் பட்டாளத்தில் இருந்ததால் அரைகுறை இந்துஸ்தானி தெரியும். பாம்பேக்கும் இந்தியாவில் அடிமையாக வாழ்ந்ததால் அதே மொழி தெரியும். ஆப்பிரிக்காவின் நடுவே, ஓர் ஆங்கிலேயரும் ஓர் ஆப்பிரிக்கரும் நம் நாட்டு மொழி ஒன்றில் பேசிக்கொண்டு நியான்ஸாவை நோக்கி நடந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தக் காட்சியைச் சரியாகப் பயன்படுத்தாததற்காகவே நான் இயக்குநரை மன்னிக்க மாட்டேன். ஆரப்பாளையத்து அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நட்பு முறிந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பர்ட்டன் எங்கே போனாலும் அங்கே பேச்சின் நடுநாயகம் அவரே. காஸேயில் அரபு வணிகர்கள் அவரைச் சூழ்ந்து அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, மொழி தெரியாத ஸ்பீக் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். புரியாத மொழியில் எல்லோரும் சிரிக்கும்போது, தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று தோன்றும் அந்த உணர்வு, வடக்கே வேலைக்குப் போன நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். வடக்கே ஏரிக்குப் போகும் வாய்ப்பு வந்ததும் ஸ்பீக் அவ்வளவு ஆவலாகக் கிளம்பியதில் இதற்கும் பங்கிருக்கும் என்று நான் நம்புகிறேன். அங்கே அவருக்குத் தம் நாக்காகப் பாம்பே இருந்தார். திரும்பி வந்தபின் பர்ட்டன் ஸ்பீக்கின் செய்திகளைக் கேலி செய்ததும் இதே இடத்தில்தான். ஸ்பீக்கின் இந்துஸ்தானி பாம்பேக்குச் சரியாகப் புரியவில்லை, பாம்பே சொன்னது ஊர்க்காரருக்குப் புரியவில்லை, அவர் சொன்ன விடை திரும்பி வரும்போது வேறொன்றாக வந்தது என்று பர்ட்டன் எழுதினார். பர்ட்டன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கேலி இருவரை ஒரே நேரத்தில் சுட்டது.

பாம்பே 1860இல் ஸ்பீக்கோடு இரண்டாம் முறையும் போனார். பிறகு ஸ்டான்லியோடும், கேமரூனோடும் போனார். கேமரூனோடு கண்டத்தின் கிழக்கிலிருந்து மேற்குக் கரைவரை நடந்தே கடந்தார். ராயல் புவியியல் சங்கம் 1876இல் அவருக்கு ஓய்வூதியம் வழங்கியது. நைலின் மூலத்தைப் பற்றிய வாதத்தில் ‘கண்டுபிடித்தவர்’ என்று யாரும் அவர் பெயரை எழுதவில்லை.

பெரியவரிடம் ஒரு சிறு வாதமும் உண்டு. ஸ்பீக்கை வெறும் பாதிக்கப்பட்டவராகக் காட்டிவிட்டீர்கள். இரண்டாம் பயணத்தில் அவரோடு போன ஜேம்ஸ் கிராண்ட், காலில் புண் வந்து பல மாதங்கள் பின்தங்கினார். 1862 ஜூலை 28 அன்று, நியான்ஸாவிலிருந்து நைல் வெளியேறும் ரிப்பன் அருவியை ஸ்பீக் கண்டபோதும் கிராண்ட் அருகில் இல்லை; அவரை முன்னதாகவே வேறு திசையில் அனுப்பிவிட்டிருந்தார். ஏரியைத் தனியே பார்த்தார், அருவியையும் தனியே பார்த்தார். புகழைப் பங்குபோட அவருக்கு மனமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கிராண்ட் இதைப் பற்றி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கடைசிவரை அவருக்காகப் பேசினார். ஆகவே ஸ்பீக்கால் நண்பரைப் பெற முடியாது என்பதல்ல; தனக்கு நிகராக நிற்கும் ஒருவரைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை. பர்ட்டனுக்கும் அதே நோய்தான். பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் நேரில் பார்க்காமலேயே நண்பர்களாக இருந்தார்கள். இவர்கள் நேரில் பார்க்காமல் இருந்திருந்தால் ஒருவேளை நண்பர்களாகவே இருந்திருப்பார்களோ என்னவோ.

பதில் 4: மூல வைகை, ஆண்டிபட்டி

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்பார்கள். நதிமூலத்தைப் பார்த்து, உறவின் மூலத்தையும் தோண்டிப் பார்த்துச் சண்டை போட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை நானும் சொல்கிறேன்.

யார் சரி என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. நியான்ஸாவிலிருந்து நைல் புறப்படுகிறது என்பதில் ஸ்பீக் சரி. 1875இல் ஸ்டான்லி படகில் ஏரியை முழுதும் சுற்றிவந்து, அது ஒரே ஏரிதான் என்று காட்டினார். தாங்கனிக்காவின் வடமுனையில் ருசிசி ஆறு வெளியே ஓடி நைலுக்குப் போகலாம் என்று பர்ட்டன் பிற்பாடு வாதித்தார். அந்த ஆறு ஏரிக்குள் வந்து விழுகிறது என்பதை 1871இல் லிவிங்ஸ்டனும் ஸ்டான்லியும் நேரில் பார்த்தார்கள். ஸ்பீக் கையில் இருந்த அளவுகருவியோ, தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறது என்பதை வைத்து உயரம் கணிக்கும் வெப்பமானி. நியான்ஸாவின் உயரத்தை அது ஏறக்குறையச் சரியாகச் சொன்னது. கடல்மட்டத்திலிருந்து 1,134 மீட்டர். 773 மீட்டர் உயரத்தில் உள்ள தாங்கனிக்காவை மிகவும் தாழ்த்திக் காட்டிவிட்டது. ஒரே ஆள், ஒரே கருவி, ஓர் ஏரிக்குச் சரி, இன்னொன்றுக்குத் தவறு. அவருடைய வரைபடத்தில் தாங்கனிக்காவின் வடக்கே பிறை வடிவில் ஒரு மலைத்தொடரை வரைந்து, பழங்காலப் புவியியலாளர் தாலமி சொன்ன சந்திர மலை இதுதான் என்று எழுதிவைத்திருந்ததும் பர்ட்டனின் கேலிக்குத் தீனியானது. படத்தின் தலைப்பே அந்தப் பெயர்தான்.

இதில் எனக்குச் சிரிப்பு வருவது, எங்கள் ஊரிலும் இதே சண்டை உண்டு என்பதால். வைகை எங்கே பிறக்கிறது என்று கேட்டால், வருசநாட்டு மலையில் என்று நாங்கள் சொல்வோம். கம்பத்துக்காரர்களோ சுருளியாற்றைக் காட்டுவார்கள். 1895இல் பெரியாற்று அணை கட்டிச் சுரங்கம் வழியே மேற்கே போன தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்ட பிறகு, சுருளியாறு வழியாக அந்தத் தண்ணீரும் வைகை அணைக்கு வந்து சேருகிறது. மூல வைகை கோடையில் மணல். எங்கள் ஆற்றின் பெயர் எங்களுடையது. தண்ணீரில் ஒரு பங்கு கேரள மலையிலிருந்து வருகிறது. நைலுக்கும் அப்படித்தான். நியான்ஸாவுக்குள்ளேயே ககேரா என்ற ஆறு வந்து விழுகிறது. அதன் தலைப்பகுதிகள் ருவாண்டா, புருண்டி மலைகளில் இருக்கின்றன. ஏரியிலிருந்து வெளியே வரும் இடம் மூலமா, ஏரிக்குள் விழும் மிக நீண்ட ஓடையின் தலை மூலமா என்பது எதை மூலம் என்று சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஸ்பீக் கண்ட ரிப்பன் அருவியும் 1954இல் கட்டி முடித்த ஓவன் அருவி அணையின் நீருக்குள் மூழ்கிவிட்டது.

கேள்வி கேட்டவர்: வைகைக்கரை வாசகன், செல்லூர்

அனைவருக்கும் நன்றி. இந்த இழையை நண்பருக்கு அனுப்பிவைத்தேன். ஆலிஃபன்ட்டைத் தாம் விடப்போவதில்லை என்றும், ஆனால் அந்த 600 பவுண்டு விவகாரம் தெரிந்திருந்தால் இவ்வளவு வாதம் செய்திருக்க மாட்டேன் என்றும் சொன்னார். ஏனென்றால் அவர் எனக்குத் தர வேண்டிய ஒரு சிறு தொகை இரண்டு ஆண்டுகளாக நிலுவையில் இருக்கிறது. சிம்மக்கல் அம்மா சொன்ன பாம்பேயின் காட்சிகளை மட்டும் கவனித்துப் பார்ப்பதற்காக, வரும் ஞாயிறு மறுபடியும் மாடிக்கு வரச் சொல்லியிருக்கிறார். மின்தடை இல்லையே என்று கேட்டேன். ‘இருந்தாலும் வா’ என்றார்.